நிரல் என்ற சொல்லும் வராத பிள்ளையின் இடமும்



அணிகள் பாடம் நடத்தும்போது ‘நிரை, நிரல்’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். படுக்கை வரிசை நிரை, நெட்டு வரிசை நிரல். இப்போது கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளோ நிரல் என்றால் ப்ரோகிராம் என்கிறார்கள். “எது சார் சரி?” என்று ஒரு மாணவி போன மாதம் கேட்டிருந்தார். இரண்டும் சரிதான் அம்மா. ஒழுங்குபட நிற்பது எதுவோ அது நிரல். கட்டளைகள் ஒழுங்காக நின்றால் அது கணினி நிரல், எண்கள் ஒழுங்காக நின்றால் அது கணக்கு நிரல்.

இந்தப் பதிவில் நிரல் என்று நான் சொல்வதெல்லாம் கணக்கு நிரலைத்தான், அதாவது காலம். அந்த நிரல்களை வெட்டவும், சேர்க்கவும், நேராக நிறுத்தவும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் சில சின்னக் கட்டளைகள் உண்டு. அவற்றின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். மதிப்பெண் பதிவேட்டோடு முப்பது ஆண்டுக்கு மேல் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் இதில் எனக்கு ஓர் அக்கறை உண்டு. அது என்ன என்று நடுவில் சொல்கிறேன்.

கணினி பழக்கமில்லாத சித்தப்பா, அத்தைமார்களுக்கு ஒரு சிறு விளக்கம். படமும் பொத்தானும் இல்லாமல், எழுத்தாலேயே கட்டளை தட்டி வேலை வாங்கும் கறுப்புத் திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் மென்பொருளின் பெயர் ஷெல். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அது ஷெல் ஸ்கிரிப்ட். சர்வர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடச் சோறு.

கதை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டு எடுத்த கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. இப்படியே போனால் அடுத்த கணக்கெடுப்பு வந்துவிடும் என்ற நிலை. 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளர் துளை அட்டைகளைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அதுதான் செய்தி. அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது. 1928இல் ஐபிஎம் 80 நிரல்கள் கொண்ட அட்டையை வெளியிட்டது. நீள்சதுரத் துளைகள், ஒரு நிரலுக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் எண். பின்னாளில் வந்த கணினித் திரைகளும் வரிக்கு 80 எழுத்து என்று அமைந்ததற்கு இந்த அட்டை ஒரு முக்கியக் காரணம்.

அட்டையில் எல்லாம் இடத்தை வைத்துத்தான். முதல் 6 நிரல் பதிவு எண், அடுத்த 20 நிரல் பெயர், அதற்கடுத்த 3 நிரல் மதிப்பெண் என்று முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். இதில் ஒரு குறை, ஒரு நிறை. பெயர் 20 எழுத்தைத் தாண்டினால் வால் போய்விடும் என்பது குறை. மதிப்பெண் இல்லாதவருக்கு அந்த 3 நிரலும் துளையில்லாமல் வெறுமையாக நிற்கும், ஆனால் அந்த இடம் எங்கும் போகாது என்பது நிறை. வராத பிள்ளைக்கும் வருகைப் பதிவேட்டில் கட்டம் இருப்பதுபோல.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதும்போது அட்டையின் 73 முதல் 80 வரையிலான நிரல்களைக் கணினி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அங்கே வரிசை எண்ணைத் துளையிட்டு வைப்பார்கள். கட்டு கைதவறிக் கீழே விழுந்து கலைந்தாலும், பிரிக்கும் பொறியில் போட்டு அந்த எண்ணை வைத்து மறுபடி அடுக்கிவிடலாம். வரிசையை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் அட்டையிலும் ஓர் அடையாளத்தை எழுதி வைப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குடும்பமும் வளர்ந்தது. அது தட்டச்சுப் பொறி. பட்டியல் அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் டேபுலேட்டர் என்ற வசதி வந்தது. எங்கெங்கே நிற்க வேண்டும் என்று அடைப்புகளைப் பொருத்திவிட்டால், ஒரு தட்டில் வண்டி அந்த இடத்துக்கு ஓடி நிற்கும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். உங்கள் விசைப்பலகையில் இருக்கும் டேப் அதன் சுருக்கப் பெயர்தான். 1963இல் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டுத் தரம் வெளியானபோது இந்தத் தாவலுக்கும் ஓர் எண் கிடைத்தது. அது 9.

அட்டையில் நிரல் என்பது இடம். டேப்பில் நிரல் என்பது பிரிப்பு. பெயர் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. டேப் வந்தால் அடுத்த நிரல் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த இரண்டு குடும்பங்களும் சம்பந்தம் பேசிய இடம்தான் யுனிக்ஸ்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்தது பெல் ஆய்வகம். 1969இல் அங்கே கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் ஒரு பழைய பிடிபி-7 கணினியில் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள். பெரிய கணினி கேட்டால் மேலிடம் தரத் தயாராக இல்லை. ஆவணங்களைத் தயாரிக்கும் கருவி ஒன்றை உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லித்தான் பிடிபி-11 கணினியை வாங்கினார்கள். அதன் முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? விஞ்ஞானிகள் அல்லர், ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை. 1971இன் பிற்பாதியில் மூன்று டைப்பிஸ்டுகள் நாள் முழுக்க அந்த யுனிக்ஸில் காப்புரிமை விண்ணப்பங்களை அடித்து, திருத்தி, அச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த விண்ணப்பங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரிகளுக்கு எண் இட வேண்டும். விலைக்கு வாங்கப் பார்த்த கருவியால் அது முடியவில்லை, யுனிக்ஸால் முடிந்தது. ஓரத்தில் ஒரு நிரல் எண்கள், பக்கத்தில் எழுத்து. உலகத்தை ஆளப்போகும் ஓர் இயங்குதளத்துக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது இந்த வேலைதான்.

1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே பி.ஆர். என்ற கட்டளை இருக்கிறது. கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, மேலே தேதி, கோப்பின் பெயர், பக்க எண் போட்டு அச்சுக்கு அனுப்பும். 1970களின் நடுவிலேயே அது ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிரலாக நிறுத்தவும் கற்றிருந்தது. ஆனால் அது அட்டைக் குடும்பத்துப் பிள்ளை. ஒவ்வொரு நிரலுக்கும் அளந்து இடம் ஒதுக்கும், அதற்கு மேல் நீளும் எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

பெரிய திருப்பம் 1973இல் வந்தது. டக் மக்கில்ராய் என்ற கணித அறிஞர் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தோட்டத்து ரப்பர் குழாயைத் திருகி மாட்டுவதுபோல ஒரு மென்பொருளை இன்னொன்றோடு மாட்ட வழி வேண்டும் என்பது அதன் சாரம். பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, கடைசியில் தாம்சன் ஒரே இரவில் அதைச் செய்து முடித்தார். அதுதான் பைப். ஒரு கட்டளை வெளியிடும் எழுத்து அடுத்த கட்டளைக்குள் நேராகப் பாயும். அன்று முதல் பெரிய மென்பொருள் ஒன்று எழுதுவதற்குப் பதிலாக, ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யும் சின்னக் கட்டளைகளைக் கோத்துக்கொள்வது யுனிக்ஸின் குணமாகவே ஆகிவிட்டது.

நிரல் வேலைக்கான கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1977இல் ஆல்ஃப்ரெட் ஏஹோ, பீட்டர் வெயின்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் ஆக் என்ற சிறு மொழியை உருவாக்கினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளே அதன் பெயர். ஒவ்வொரு வரியையும் தானே நிரல்களாகப் பிரித்து முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று கையில் கொடுத்துவிடும். கூட்டலாம், இடம் மாற்றலாம், அகலம் சொல்லி அச்சிடலாம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஆக்கோடு ஜாயின் என்ற கட்டளையும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த சிஸ்டம் 3 பதிப்பில் கட், பேஸ்ட் என்ற இரட்டையர் சேர்ந்தார்கள். கத்தரிக்கோலும் பசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுக்கு இரண்டு குடும்பத்து இரத்தமும் உண்டு. 7ஆம் எழுத்து முதல் 26ஆம் எழுத்து வரை கொடு என்றும் கேட்கலாம், அது அட்டையின் வழி. டேப்பால் பிரித்த மூன்றாம் நிரலைக் கொடு என்றும் கேட்கலாம், அது தட்டச்சின் வழி. இரண்டாம் நிரலை முன்னே, முதலாம் நிரலைப் பின்னே கொடு என்று கேட்டால் மட்டும் அதற்குப் புரியாது. பழைய வரிசையிலேயே கொடுக்கும். அதற்கு ஆக்கிடம்தான் போக வேண்டும்.

இப்போது என் அக்கறைக்கு வருகிறேன். இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கப் பேஸ்ட், ஜாயின் என இரண்டு கட்டளைகள் எதற்கு? ஒரு வகுப்பில் மூன்றே பிள்ளைகள் என்று வையுங்கள்.

பெயர்ப் பட்டியல்:
101 கவிதா
102 முருகன்
103 ஜெனிபர்

அறிவியல் தேர்வுக்கு முருகன் வரவில்லை. தாள் திருத்தியவரிடமிருந்து வந்த பட்டியல்:
101 78
103 91

பேஸ்ட் என்ன செய்யும்? முதல் வரிக்குப் பக்கத்தில் முதல் வரி, இரண்டாம் வரிக்குப் பக்கத்தில் இரண்டாம் வரி. ஆக, கவிதாவுக்கு 78. தேர்வுக்கே வராத முருகனுக்கு 91. ஜெனிபருக்கு வெறுமை. பேஸ்ட் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஒரு பட்டியல் முன்பே தீர்ந்துவிட்டால் மீதியை வெறும் வரியாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அதன் மேல் குற்றமில்லை. வரி எண்ணைப் பார்த்து ஒட்டு என்பது மட்டும்தான் அதற்கு இட்ட வேலை.

தமிழாசிரியர்கள் நடத்திய நிரல்நிறை நினைவிருக்கிறதா? சொற்களை ஒரு வரிசையில் சொல்லி, அவற்றுக்குரிய பொருள்களை அதே வரிசையில் அடுத்துச் சொல்வது. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில் அன்புக்குப் பண்பையும், அறத்துக்குப் பயனையும் அப்படித்தான் பொருத்துகிறோம். பேஸ்ட் செய்வது முழுக்க நிரல்நிறை. வள்ளுவர் எந்த இடத்தையும் விடாமல் சொன்னதால் அங்கே பொருள் பிசகவில்லை. நடுவில் ஒன்று விடுபட்டிருந்தால் அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் மாறிப்போயிருக்கும்.

ஜாயின் வேறு வகை. அது வரி எண்ணைப் பார்க்காது, பதிவு எண்ணைப் பார்க்கும். 101க்கு 101, 103க்கு 103. இந்த எண்ணத்துக்கு வேர், 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான உறவுகளாகவும் வைக்கலாம் என்று எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. வங்கி முதல் ரேஷன் கடை வரை இன்று ஓடும் தரவுத்தளங்களுக்கு அடிப்படை அது. ஜாயினைச் சும்மா விட்டால் இரண்டு பக்கமும் இருப்பவர்களை மட்டும் காட்டி முருகனைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். ஆனால் ஜோடி கிடைக்காதவர்களையும் காட்டு, வெறுமையான இடத்தில் இந்தச் சொல்லை நிரப்பு என்று சொல்லும் வசதி ஏழாம் பதிப்பிலேயே அதற்கு உண்டு. கேட்க வேண்டியபடி கேட்டால் முருகன் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று வரும். அதற்கு ஜாயின் விதிக்கும் ஒரே நிபந்தனை, இரண்டு பட்டியல்களும் பதிவு எண்படி முன்பே அடுக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எழுத்து வரிசையில். எழுத்து வரிசையில் 10 என்பது 2க்கு முன்னால் வந்துவிடும். பதிவு எண்ணை 002, 010 என்று ஒரே நீளத்தில் எழுதும் பழைய குமாஸ்தாப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஓர் ஆண்டு வெளியிலிருந்து கணினியில் தொகுத்த மதிப்பெண் பட்டியல் வந்தது. ஒரு பாடத்தில் வராத ஒரு பிள்ளையின் வரியே இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும் அடுத்தவர் மதிப்பெண். நன்றாக எழுதிய ஒரு பெண்ணுக்குத் தேர்ச்சி இல்லை என்று வந்துவிட்டது. எங்கள் கணக்கு ஆசிரியை ஒருவர்தான் கண்டுபிடித்தார். பட்டியலின் கடைசி வரியில் மதிப்பெண் இல்லாமல் இருந்தது அவர் கண்ணில் பட்டது. கடைசிப் பிள்ளை அன்று தேர்வு எழுதியதை அவர் அறிவார். அங்கிருந்து மேல்நோக்கி விடைத்தாள்களோடு ஒப்பிட்டு வந்தார். பட்டியல் திருத்தி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாள் அந்தப் பெண் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நிரல் என்றால் எனக்கு வெறும் கோடு, கட்டம் அல்ல.

அடுத்து வந்த கட்டளையின் பெயரே காலம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1990இல் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் வந்தது. அளவு எதுவும் சொல்ல வேண்டாம். பட்டியல் முழுவதையும் படித்து, ஒவ்வொரு நிரலிலும் மிக நீளமானது எது என்று பார்த்து, அதற்கேற்ப இடைவெளி விட்டு நேராக நிறுத்திவிடும். பார்க்க அழகு. ஆனால் இதற்குள்ளும் முருகனுக்கு ஓர் ஆபத்து இருந்தது. பழைய காலம் கட்டளை அடுத்தடுத்து வரும் இரண்டு பிரிப்புகளை ஒன்றாகவே எண்ணியது. அறிவியல் கட்டம் வெறுமையாக இருந்தால் சமூக அறிவியல் மதிப்பெண் இடப்பக்கம் நகர்ந்து அறிவியல் நிரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்கும் பிரிப்பு இன்னதென்று சொல்லாவிட்டால் இதையே செய்யும். வெற்றுக் கட்டத்தை வெறுமையாக விடாமல் ஒரு கோடாவது போட்டு வையுங்கள் என்று தலைமையாசிரியர்கள் பழைய காலத்தில் வற்புறுத்தியதன் அருமை இங்கே தெரியும்.

கடைசியாக நம் தமிழுக்கு வருகிறேன். இந்தக் கட்டளைகள் எல்லாம் பிறந்தபோது ஓர் எழுத்து என்றால் ஒரு பைட், திரையில் ஓர் இடம் என்பதே கணக்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் இடம் தரும் யூனிகோடை எழுதிவைக்க யு.டி.எஃப்-8 என்ற முறையை 1992 செப்டம்பரில் உருவாக்கியவர்களும் அதே கென் தாம்சனும் அவர் சகா ராப் பைக்கும்தான். நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் வரைந்து முடித்தார்கள். இந்த முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்.

‘கவிதா’ என்ற பெயரை எடுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் க, வ, இகரக் கொக்கி, த, துணைக்கால் என ஐந்து குறிகள். பைட் கணக்கில் பதினைந்து. பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கு என்று ஷெல்லின் அச்சிடும் கட்டளையிடம் சொன்னால், பைட்டை எண்ணும் கட்டளை ‘இடம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது’ என்று ஓர் இடைவெளிகூட விடாது. நிரல் கோணிக்கொள்ளும். கட் கட்டளை பல லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் எழுத்து என்று கேட்டாலும் பைட்டையே வெட்டியது. தமிழ் எழுத்து நடுவில் அறுபட்டு, திரையில் வெறும் கேள்விக்குறிகள். குறிகளை எண்ணும் புதிய கட்டளைகளும் முழுத் தீர்வு அல்ல. கொக்கிக்கும் கொம்புக்கும் திரையில் எவ்வளவு அகலம் என்பது திரைக்குத் திரை மாறுகிறது.

சர்வர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சேர்க்கும் வேலையும் நேராக்கும் வேலையும் வேறு வேறு. சேர்க்கும்போது டேப் போன்ற தெளிவான பிரிப்பையும் பதிவு எண்ணையும் நம்புங்கள், வரி வரிசையை நம்பாதீர்கள். பேஸ்ட் போட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் இரண்டு கோப்பிலும் வரி எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் நடுவில் இரண்டு வரிகளைத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்கு அழகாக நிறுத்துவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் பெயரைக் கடைசி நிரலாக வையுங்கள். அதற்குப் பின்னால் எதுவும் நேராக நிற்க வேண்டியதில்லை என்பதால் கோணல் தெரியாது. வெற்றிடம் எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

உறவினர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோ, பென்ஷன் தொகையோ, வாக்காளர் பட்டியலில் பெயரோ பொருத்தமில்லாமல் வந்தால், உடனே பிள்ளையைத் திட்டாதீர்கள், விதியை நோகாதீர்கள். பட்டியலில் உங்களுக்கு மேலே இருப்பவர், கீழே இருப்பவர் விவரங்களையும் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கோ ஒரு முருகனின் வரி விடுபட்டிருக்கலாம்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி நிரல் மாறிய அனுபவம் இருந்தால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை மட்டும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

நலமே சூழ்க.